இடது முன் சக்கரத்து டிஸ்க்

பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டாய் என்று தெரியும். போன மாதம் நீ கத்தியதை நான் மறக்கவில்லை. "இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு. எழுதும்போதாவது ரெண்டு நிமிஷம் யோசிப்ப." சரி, யோசித்தே எழுதுகிறேன்.

கார் பந்தய கிளப் வெளியிட்ட நேரப் பட்டியலைப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் இருபத்தொன்று புள்ளி நான்கு வினாடி. வாழ்த்துகள். இந்த ஒரு சொல்லை எழுத மூன்று தாள் கிழித்தேன். நாலு வருஷம் அந்த டிராக்கில் ஓட்டி நான் எடுத்த மிகச் சிறந்த நேரம் இருபத்திரண்டு புள்ளி ஒன்பது. அதை உடைக்க உனக்கு ஐந்து மாதம் போதுமாக இருந்திருக்கிறது.

நான் வேலைக்குக் கிளம்பிய அன்று காருக்கு உறை போட்டுவிட்டு உன்னிடம் என்ன சொன்னேன்? "நான் வர்ற வரைக்கும் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் மட்டும் பண்ணி வை." நீ தலையாட்டினாய். அடுத்த மாதமே உறை கொடியில் காய்ந்துகொண்டிருந்ததாக அம்மா சொன்னாள்.

பட்டியலோடு காரின் படமும் போட்டிருந்தார்கள். கதவில் என் பெயர் இல்லை. சுரண்டி எடுத்தாயா, மேலே பெயிண்ட் அடித்தாயா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. அந்த நேரத்தை எடுக்க வேண்டுமானால் நீ பிரேக்கை மிகத் தாமதமாகப் பிடிக்க வேண்டும். பழைய பிரேக் டிஸ்க்கில் அது நடக்காது. என்ன மாற்றினாய்? யார் மாற்றினார்கள்?

அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுரண்டித்தான் எடுத்தேன். மேலே அடித்தால் பெயிண்ட் கனம் கூடும் என்று தராசு சொன்னார்.

தராசு யார் என்று கேட்பாய், சொல்லிவிடுகிறேன். பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷம் பிரேக் வேலை பார்த்தவர். என் டிரைவிங் ஸ்கூல் வண்டிகளை இப்போது அவர்தான் பார்க்கிறார். எந்தச் சாமானைக் கழற்றினாலும் முதலில் தராசில் வைத்து எடை பார்ப்பார், அதனால் அந்தப் பெயர். உன்னைப் போல நட்டு முடுக்கும்போது பாடம் நடத்தமாட்டார். நாள் முழுக்கச் சேர்த்தால் பத்து வார்த்தை பேசுவார்.

டிஸ்க்கை அவர்தான் மாற்றினார். விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் கை வைத்தார். விட்டம் மாறக் கூடாது, மாறவில்லை. வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும், ஒரே துண்டாக இருக்க வேண்டும், இருக்கிறது. முகப்பில் கீறலோ துளையோ போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறது. துளை போட்டிருக்கிறோம். ஒரு டிஸ்க்குக்கு முந்நூற்று நாற்பது கிராம் மிச்சம். கிளப்பின் பரிசோதகர் அளந்து பார்த்து முத்திரை குத்திவிட்டார்.

அக்கா, அது உன் கார் மட்டும் இல்லை. என்ஜினை இறக்கி ஏற்றியபோது மறுபக்கம் பிடித்தது யார்? நாலு வருஷம் உனக்கு ஹெல்மெட் துடைத்துக் கொடுத்தவள் நான். டிராக் ஓரத்தில், வண்டிகள் நிற்கிற பிட் சுவரில் உனக்கு நேரம் காட்டுகிற பலகையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் காய்ந்தவள் நான். ஒரு நாளாவது "நீ ஒரு ரெண்டு சுத்து போயிட்டு வா" என்று சொல்லியிருக்கிறாயா?

உனக்கு என்ன குறை? வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் கதவு போட்ட ஆய்வுக்கூடம், நாள் முழுக்க டிஸ்க்குகளைச் சுழலவிட்டு வெப்பம் அளக்கிற வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா உன் புராணம்தான். "பெரியவ பெரிய கம்பெனில இருக்கா." சின்னவள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "அவ சும்மா கார் ஓட்டிட்டு இருக்கா."

சும்மா ஓட்டியதில்தான் ஒன்றரை வினாடி குறைந்தது.

தங்கச்சி

*

பிப்ரவரி 17

தங்கச்சிக்கு,

துளையா? உன் தராசுக்குப் பேருந்து தெரியும். பந்தயக் கார் வேறு.

டிஸ்க் என்பது ஒரு வெப்பக் கிடங்கு. கார் ஓடுகிற வேகம் முழுவதும் பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக மாறி அந்த இரும்புக்குள் போகிறது. இரும்பு அதிகமாக இருந்தால்தான் வெப்பத்தைத் தாங்கும். அவர் அந்த இரும்பைத்தான் குடைந்து எடுத்திருக்கிறார். சூடாகி, குளிர்ந்து, மறுபடி சூடாகும்போது ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் விரிசல் பிறக்கும். எங்கள் சோதனை மேடையில் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். உனக்கு வேண்டியது துளை இல்லாத கனமான டிஸ்க். முகப்பில் ஆறு கீறல் போதும். முன்பக்க பம்பரிலிருந்து சக்கரத்துக்குக் காற்று வர ஒரு குழாய், கொதிநிலை கூடின பிரேக் ஆயில். எல்லாமே விதிக்குள்தான்.

முந்நூற்று நாற்பது கிராம் குறையத்தான் வேண்டுமென்றால் பந்தயத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரைக் குறைத்துக் குடி. கிராம் எண்ணுகிற மளிகைக்கடைக்காரரை எல்லாம் மெக்கானிக் என்று கூட்டி வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

ஹெல்மெட் துடைத்த கணக்கை எடுத்திருக்கிறாய். துடைக்கச் சொல்லி நான் கேட்டேனா?

நேற்று என்னோடு வேலை செய்கிறவள் உன் ஓட்டத்தின் வீடியோவைத் தன் போனில் காட்டி, "இது உங்க தங்கச்சியா? என்னமா ஓட்டுறா!" என்றாள். "நான்தான் கத்துக்கொடுத்தேன்" என்றேன். பொய். உனக்கு நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கடைசி வளைவில் நீ போகிற பாதை எனக்கே தெரியாது. வீடியோவில் அந்த இடத்தை மட்டும் ஏழெட்டுத் தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதியதைக் கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரம் பதில் போடவில்லை. கோபம். மளிகைக்கடைக்காரர் என்று எழுதினாயே, அதற்கு.

இப்போது எழுதக் காரணம், ஆறு போட்டி முடிந்து நான் புள்ளிப் பட்டியலில் முதலில் இருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி கடைசிப் போட்டி. மூன்றாவதாக வந்தால்கூடக் கோப்பை எனக்குத்தான். நம் வீட்டுக்கு அந்தக் கோப்பை வந்ததே இல்லை. இரண்டு தடவை உன் கைக்கு எட்டி நழுவியதை நீ மறந்திருக்கமாட்டாய்.

நீ பயமுறுத்திய டிஸ்க்கைப் பார். படம் வைத்திருக்கிறேன். இடது முன் சக்கரம், போன போட்டி முடிந்து கழுவித் துடைத்தது. கண்ணாடி மாதிரி இல்லை? பெடலில் அதிர்வு இல்லை, இழுப்பு இல்லை. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நீ அந்தக் காரில் மெதுவாகப் போனாய் என்பதற்காக வேகமாகப் போகிறவளின் காரில் கோளாறு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒரு சந்தோஷமான விஷயம். அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. பயிற்சி நாளில் பக்கத்து சீட்டில் ஆள் ஏற்றலாமாம். பாவம், நாற்பது வருஷம் லிஃப்ட் இயக்கினவர். வேகம் என்றால் என்ன என்று காட்டலாம் என்று இருக்கிறேன்.

தங்கச்சி

*

ஏப்ரல் 10

தங்கச்சிக்கு,

படம் வந்தது. நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறாய். புள்ளிப் பட்டியலையும் பார்த்தேன்.

இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 14. கூரியரில்

தங்கச்சி,

காரை எடுக்காதே. மற்றதெல்லாம் பிறகு. காரை எடுக்காதே.

நீ அனுப்பிய படத்தில், டயருக்குக் காற்றடிக்கிற வால்வுக்கு நேர் எதிரே, வெளி வட்டத்துக்குப் பக்கத்துத் துளையைப் பார். அதிலிருந்து ஒரு கோடு விளிம்பு வரைக்கும் போகிறது. தலைமுடி என்று நினைத்துப் படத்தைத் துடைத்துப் பார்த்தேன். ஆய்வுக்கூட லென்ஸை வைத்தும் பார்த்தேன். முடி இல்லை, விரிசல். துளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தால் பரவாயில்லை, கவனித்துக்கொண்டே ஓட்டலாம். விளிம்பைத் தொட்டுவிட்டால் அந்த டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தம். நேர்ப்பாதையின் முடிவில் முழு வேகத்தில் மிதிப்பாயே, அங்கேதான் உடையும். உடைந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கே இருக்காது. வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதும்.

இதை நான் இன்று பார்க்கவில்லை. பத்தாம் தேதி காலையில், உறையைப் பிரித்த ஐந்தாவது நிமிடமே பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டுத்தான் "நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறாய்" என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். பெடல் நடுங்கட்டும், அவள் பயந்து வேகத்தைக் குறைக்கட்டும், நாலாவதாக வரட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உன் போனில் என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறாய். அப்பாவைக் கூப்பிட்டால் "எப்ப பார்த்த?" என்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. நாளைக் காலை இது உன் கைக்கு வந்துவிடும். போட்டிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. என்மேல் காறித் துப்பு. டிஸ்க்கை மட்டும் மாற்று.

அக்கா

*

ஏப்ரல் 21

அக்கா,

உன் கூரியர் பதினைந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. ஸ்கூல் வாசலில் நின்றே படித்தேன். முதல் வரியைப் படித்ததும் சிரித்தேன். கோப்பை கைக்கு வரப்போகிற நேரம் பார்த்து "காரை எடுக்காதே." நாலு நாள் சும்மா இருந்தேன் என்று நீ எழுதியதைக்கூட நம்பவில்லை. உண்மை மாதிரி தெரிய வேண்டும் என்று சேர்த்திருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். வயிற்றெரிச்சல் பிடித்தவள் எதையும் எழுதுவாள். மடித்து, காரின் டாஷ்போர்டு அறைக்குள் போட்டு மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை. ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பரிசோதகர் முத்திரை குத்திய தாளைக் கேட்டார். நான் பந்தய சூட் மாட்டிக்கொண்டிருந்தேன். தாளை எடுக்க தராசு டாஷ்போர்டு அறையைத் திறந்தார். உன் கடிதம்தான் அவர் கைக்கு முதலில் வந்தது. என்ன தாள் என்று பார்க்கப் பிரித்தவர் முழுவதையும் படித்தார். அதற்கு அடியில் உன் பிப்ரவரி கடிதமும் கிடந்தது, மளிகைக்கடைக்காரர். அதையும் படித்தார்.

ஜாக்கியை வைத்து இடது சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க? டயம் இல்ல!" என்றேன்.

"பார்த்துட்டுப் போலாம்மா."

"அது எங்க அக்கா எழுதினது. பொறாமை. என்னைத் தடுக்கணும்னு எழுதியிருக்கா."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "பொறாமைக்காரி சொன்னா விரிசல் இல்லாம போயிடுமா?"

இரண்டு பக்கத்து டிஸ்க்கையும் கழற்றினார். வலது டிஸ்க்கைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினார். பள்ளிக்கூட மணி மாதிரி கணீரென்று ஒலித்து, ஓய நேரம் எடுத்தது. இடது டிஸ்க்கைத் தட்டினார். டொக். அவ்வளவுதான். ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி. பக்கத்து பிட்டில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அப்போதும் விடவில்லை. "ஒரே ஒரு ஓட்டம், இருபது நிமிஷம், மெதுவா பிடிச்சு ஓட்டிடுறேன்" என்று கெஞ்சினேன். அவர் இரண்டு டிஸ்க்கையும் தன் வேனில் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "துளை போட்டது நான்தான். என் தப்பு. அதுக்கு நீ சாகணுமா?" என்றார். மாற்று டிஸ்க் இல்லை. சூட்டோடு பிட் சுவரில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தேன். கோப்பை, பட்டியலில் எனக்கு அடுத்து இருந்த நீலக் கார்க்காரருக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உன் கடிதத்தைத் தேதியோடு படித்தேன்.

அக்கா, பன்னிரண்டாம் தேதி பயிற்சி நாள். அப்பா பக்கத்து சீட்டில் இருந்தார்.

பதினொரு சுற்று ஓட்டினேன். அதே டிஸ்க். நேர்ப்பாதையின் முடிவில் ஒவ்வொரு தடவையும் முழுசாக மிதித்தேன், அவருக்குக் காட்ட வேண்டும் என்றே இன்னும் தாமதமாக. இறங்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாப்பது வருஷம் மேலயும் கீழயும் போனேன். இன்னிக்குத்தான் நேரா போயிருக்கேன்."

நீ அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே பார்த்துவிட்டாய். அப்பாவை ஏற்றப் போகிறேன் என்றும் எழுதியிருந்தேன்.

இதற்குமேல் எழுத முடியவில்லை. அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீ சொல்கிறாயா இல்லையா, அது உன் பாடு.

*

ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை போன் செய்து, ஆரம்பத்திலிருந்து தேதியோடு சொன்னேன். போன் வைத்துவிட்டாரோ என்று இரண்டு தடவை "அப்பா" என்றேன். கடைசியில், "சாப்பிட்டியா?" என்றார். "இல்ல" என்றேன். "சாப்பிடு" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் பக்கத்து சீட்டில் ஏறப் போகிறார் என்று நீ எழுதிய வரியை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. படித்தேன். அந்த வரியில்கூட, "என்னோடு அப்பா ஒரு தடவையும் ஏறியதில்லையே" என்றுதான் தோன்றியது. அதற்குமேல் என் புத்தி போகவில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம்.

தராசிடம் நான் எழுதியதற்கு வருந்துவதாகச் சொல். துளை போட்டதில் அவர் தவறு செய்தார்தான். ஆனால் தன் தவறு என்று தெரிந்த அடுத்த நிமிடம் ஜாக்கியை எடுத்தார்.

அக்கா

*

மே 20

அக்காவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. நான்கு டிஸ்க், துளை இல்லை, ஆறு கீறல். ஒவ்வொன்றும் உங்கள் மேடையில் இருநூறு தடவை சூடாக்கிக் குளிர்வித்தது என்று சீட்டு ஒட்டியிருக்கிறாய். தராசு எடை பார்த்தார். பழையதைவிடக் கனம். முகம் சுளித்தார். பிறகு ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டுவிட்டு, "சத்தம் நல்லா இருக்கு" என்றார். முன் பம்பரிலிருந்து காற்றுக் குழாயும் இழுத்துவிட்டோம்.

நன்றி என்று எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் விடவும் பிடிக்கவில்லை.

ஜூலை ஐந்தாம் தேதி இரண்டு மணி நேர ஓட்டம். ஒரு காருக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். கிளப்பில் எனக்குத் தெரிந்தவர்கள் யாருக்கும் அந்தக் காரின் கிளட்ச் பழகவில்லை.

அப்பாதான் உன்னைக் கூப்பிடச் சொன்னார். நானாகக் கூப்பிடவில்லை.

தங்கச்சி

*

மே 29

தங்கச்சிக்கு,

ஏறக்குறைய ஒரு வருஷமாக ஸ்டீயரிங் தொடவில்லை. உன்னைவிட மெதுவாகத்தான் போவேன். அதை எல்லோர் முன்னாலும் செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. வேகமாகப் போய்விட்டால் இன்னும் பயம்.

லீவு கேட்டிருக்கிறேன். வருகிறேன்.

அக்கா

*

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்டேஷனில் வைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா கூடவே நின்றாள், ரயிலும் கிளம்பிவிட்டது. நேரில் சொல்ல வாய் வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

முதல் மணி நேரம் நான் ஓட்டினேன். ஆறாவது இடத்தில் காரை உன்னிடம் கொடுத்தேன். நீ சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பினாய். நான் பலகையை எடுத்துக்கொண்டு பிட் சுவரில் ஏறினேன்.

உன் நாலாவது சுற்றிலேயே நேரம் என்னுடையதைவிட பத்தில் மூன்று பங்கு வினாடி குறைந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசி வளைவில் நீ என் பாதையில்தான் போனாய், என்னைவிடச் சுத்தமாக. எனக்கு வெயில், அவளுக்கு மேகம் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். தராசு கடிகாரத்தைப் பார்த்து, "உங்க அக்கா நல்லா ஓட்டுறாங்க" என்றார். அந்த மனுஷன் என்னைப் பற்றி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்தில் அப்பா கைதட்டிக்கொண்டிருந்தார். நீ மூன்றாம் இடத்துக்கு வந்தபோது எல்லோரும் கத்தினார்கள். நான் பலகையில் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நீ பதினெட்டாவது சுற்று முடித்து என்னைக் கடந்தபோது பார்த்தேன். இடது முன் சக்கரத்துக்குக் காற்று கொண்டுபோகிற குழாய் கழன்று தரையில் உரசிக்கொண்டு போனது. காற்றில்லாமல் அந்த டிஸ்க் எப்படிச் சூடாகும் என்று இப்போது எனக்கும் தெரியும். 'உள்ளே வா' என்று எழுதிய பலகை என் காலடியிலேயே இருந்தது.

நான் அதை எடுக்கவில்லை.

குழாயைப் பார்க்காத மாதிரி கடிகாரத்தைப் பார்த்தேன். 'சூடானால் தானாக மெதுவாகப் போவாள்' என்று ஒரு குரல். என் குரல்தான். நீ டிராக்கின் பின்பக்கம் போய் மறைந்தாய். ஒரு நிமிடம் இருபத்தொரு வினாடி. அவ்வளவு நேரமும் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மயக்கம் இல்லை, குழப்பம் இல்லை. தெரிந்தே நின்றேன்.

நீ மறுபடி நேர்ப்பாதைக்கு வந்தபோது அந்தச் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. அப்போதுதான் பலகையைத் தூக்கினேன். நீ உள்ளே வந்தாய், தராசு குழாயைக் கட்டினார், ஐந்தாம் இடத்தில் முடித்தாய். இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் என்னைக் கட்டிப் பிடித்து, "நல்லவேளை, நீ உடனே பார்த்த" என்றாயே, அந்த இடத்தில் நான் செத்தே போனேன்.

உடனே பார்த்தேன். உடனே சொல்லவில்லை.

மூன்று மாதமாக உன்னை என்னென்னவோ நினைத்திருக்கிறேன். என் அக்கா மாதிரி ஒருத்தி உலகத்தில் இருப்பாளா என்று. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும், அதைச் சொல்ல நான் யார் என்று கை நின்றுவிட்டது. அதனால் நடந்ததை மட்டும் எழுதினேன்.

தங்கச்சி